கோக்கமிடோப்ரோப்பைல் பீட்டேயின்: பெயரின் முன்பாதியை மட்டும் நம்பாதீர்கள்

குழந்தைகளுக்கான ஷாம்பு, ஃபேஸ்வாஷ், ஹேண்ட்வாஷ், 'சல்பேட் இல்லை' என்று விற்கும் பாட்டில் எதைத் திருப்பிப் பார்த்தாலும் முதல் நான்கைந்து பெயர்களுக்குள், நுரை தந்து அழுக்கை நீக்கும் இந்தப் பொருள் பெரும்பாலும் இருக்கும். பாட்டிலின் முன்பக்கத்தில் இதுவே 'தேங்காயிலிருந்து எடுத்தது' என்று பச்சை எழுத்தில் மின்னும். தோல் சிகிச்சைக்கு வருபவர்கள் இந்தப் பெயரைச் சொல்லத் தடுமாறி வேறொன்றைச் சொல்லிவிடுவது வழக்கம். அந்தத் தடுமாற்றங்களில் சில ஆபத்தானவை.

நான்காகப் பிரித்தால் வாயில் நுழையும்: கோக் – அமிடோ – ப்ரோப்பைல் – பீட்டேயின். 'கோகமிடோ' என்று ஒற்றெழுத்தில்லாமல் எழுதினால் நடுவில் வரும் ககரம் மெலிந்து 'கோஹமிடோ' ஆகிவிடும். அதனால் 'க்' வேண்டும். கடைசிச் சொல்லை 'பீட்டா-ஈன்' என்பாரும் உண்டு, அதுவும் சரியே.

'கோக்' என்பது தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைக் குறிக்கிறது. அவற்றில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். தேங்காயின் பங்கு அதோடு முடிகிறது. அடுத்து டைமெத்தில்அமினோப்ரோப்பைல்அமின் என்ற செயற்கை வேதிப்பொருளைச் சேர்த்து அமிடோஅமின் ஆக்குகிறார்கள். பிறகு அதை மோனோகுளோரோஅசிட்டிக் அமிலத்தின் உப்போடு வினைபுரிய வைக்கிறார்கள். வினை முழுமையடையாவிட்டால் அந்த அமினும் அமிடோஅமினும் கொஞ்சம் தங்கிவிடும். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் இந்த மிச்சங்களே காரணம். ஒரு கம்பெனி ஷாம்பு ஒத்துக்கொண்டு, அதே பெயர் அச்சிட்ட இன்னொன்று ஒத்துக்கொள்ளாமல் போவதும் இதனால்தான். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி சங்கம் 2004-ல் இதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது.

ஆகவே இந்த ஒவ்வாமை உள்ளவர் தேங்காய்ச் சட்னியையோ தேங்காய் எண்ணெயையோ அதற்காக விடத் தேவையில்லை. பத்தியம் என்று சொல்லிக் குழந்தையின் தட்டிலிருந்து தேங்காயை எடுப்பது வீண்.

ஒலியில் நெருங்கிய பெயர்களுக்கு வருவோம். வெறும் 'பீட்டேயின்' என்று அச்சிட்டிருந்தால் அது பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக்கிழங்கிலிருந்தும் கிடைக்கும் ஈரப்பதப் பொருள், நுரைக்காது. 'கோக்கோ-பீட்டேயின்' நுரைக்கும், ஆனால் அதன் தயாரிப்பில் மேலே சொன்ன அமினுக்கு வேலையில்லை. 'கோக்கோ பட்டர்' தேங்காய் அல்ல, சாக்லேட் மரத்தின் கொட்டைக் கொழுப்பு. காதுக்கு இரண்டு கோக்கோவும் ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் சாக்லேட் மரத்துக்குரியதன் கடைசியில் ஒரு 'ஏ' கூடுதலாக இருக்கும். பட்டியலில் 'தியோப்ரோமா ககாவோ' என்றே வரும். தேங்காய் எண்ணெய் 'கோக்கோஸ் நூசிஃபெரா' என்று வரும். 'சோடியம் கோக்கோயேட்' சாதாரண சோப்பு, காரத்தன்மை உள்ளது. 'சோடியம் கோக்கோயில் ஐசெதியோனேட்' சோப்பே அல்ல, காரமில்லாத மென்மையான கட்டிகளில் வருவது. வறண்ட தோல்காரருக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது பீட்டாடின். அது போவிடோன் அயோடின், புண்ணையும் அறுவைச் சிகிச்சைக்கு முன் தோலையும் சுத்தப்படுத்தும் மருந்து. 'பீட்டேயின் அலர்ஜி' என்பது கோப்பில் 'பீட்டாடின் அலர்ஜி' ஆகிவிட்டால், தேவையான நேரத்தில் நல்ல மருந்தொன்று தவிர்க்கப்படும். வாயால் சொல்லாதீர்கள், பட்டியலைப் படம் எடுத்துக் காட்டுங்கள்.

வீட்டில் ஷாம்பு செய்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். கெமிக்கல் கடையில் சி.ஏ.பி.பி. என்பது இந்தப் பீட்டேயின். வெளிர்மஞ்சளாக ஓடும் நீர்மம், வழக்கமாக 30 சதவீதக் கரைசல். சி.டி.இ.ஏ. என்பது கோக்கமைடு டி.இ.ஏ.; தேன்போல் கெட்டியானது, காரத்தன்மை உள்ளது. பின்னதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை '2பி', அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது என்ற பிரிவில் வைத்திருக்கிறது. முன்னதற்குப் பதில் பின்னதை ஊற்றினால் காரம் ஏறித் தோல் எரியலாம். சி.ஏ.பி.பி.யில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. கெட்டியாகட்டும் என்று மேலும் மேலும் உப்புப் போட்டால், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஷாம்பு தண்ணீராகிவிடும்.

ஒவ்வாமையை எப்படி அடையாளம் காண்பது? போட்டவுடன் எரிந்து, கழுவியதும் அடங்கினால் பெரும்பாலும் எரிச்சல்தான். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கண்ணிமை, காதுக்குப் பின்புறம், நெற்றி ஓரம், கழுத்துப் பக்கம் என்று நுரை வழிந்த பாதையில் அரித்துச் சிவந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். பார்லரில் பலருக்குத் தலை அலசிவிடுபவர்களுக்குக் கைவிரல்களில் வரும்.

ஷாம்புவை அப்படியே கையில் தடவி பிளாஸ்திரி ஒட்டிச் சோதிப்பது தவறு. மூடிவைத்தால் ஒவ்வாமை இல்லாதவர் தோலும் சிவக்கலாம். மருத்துவமனையில் இதை 1 சதவீத நீர்க்கரைசலாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 96-ஆவது மணியில் மறுபடி பார்ப்பார்கள். இரண்டாம் பார்வையைத் தவறவிட்டால் முடிவு பிழையாகலாம்.

ஒவ்வாமை உறுதியானால் 'அமிடோப்ரோப்பைல்' என்ற நடுத்துண்டைத் தேடுங்கள். லாரமிடோப்ரோப்பைல் பீட்டேயின், ஓலியமிடோப்ரோப்பைல் டைமெத்தில்அமின், கண்டிஷனர்களில் வரும் ஸ்டியரமிடோப்ரோப்பைல் டைமெத்தில்அமின் ஆகியவற்றையும், மருத்துவர் வேறு சொல்லும்வரை, தள்ளி வையுங்கள்.