வானில் அணு உலை: எப்போது ஓட விடலாம்?

அணுசக்தி விண்கலம் என்றதும் எல்லோரும் கேட்பது, "ஏவும்போதே வெடித்துவிட்டால்?" என்பதுதான். உள்ளே இருப்பது உலையா, புளூட்டோனியம் தானாகச் சிதையும்போது எழும் வெப்பத்தை மின்சாரமாக்கும் ஐசோடோப் மின்கலமா என்று பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஓடாத உலையில் இருப்பது வெறும் யுரேனியம். தூளை மூச்சில் இழுக்காதவரை பக்கத்தில் நின்றே வேலை பார்க்கலாம். ஓடத் தொடங்கிய பிறகுதான் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கடும் கதிரியக்கக் கழிவெல்லாம் உள்ளே சேரும். அதனால்தான் திட்டமிட்ட சுற்றுப்பாதையை அடையும் முன் உலையை இயக்கக் கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டு ஐ.நா. கோட்பாடு. ஆனால் ராக்கெட் கடலில் விழுந்தால் தண்ணீரே நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துத் தொடர்வினையைக் கிளப்பிவிடலாம். ஆகவே நியூட்ரானை விழுங்கும் போரானை உள்ளே பூட்டி அனுப்ப வேண்டும். நீரில் மூழ்கினாலும் ஈர மணலில் புதைந்தாலும் உலையில் தொடர்வினை எழாது என்று கணக்குப் போட்டுக் காட்டவும் வேண்டும்.

ஓடிய உலை விழுந்தால் கதையே வேறு. சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோளின் உலையில் சுமார் 30 கிலோ யுரேனியம் இருந்தது. பணி முடிந்ததும் உலையை உயரமான பாதைக்குத் தள்ளியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. 1978 ஜனவரி 24 அன்று வடமேற்குக் கனடாவில் சிதறியது. பனியில் துண்டு துண்டாகத் தேடினார்கள், கிடைத்தது சொற்பம்.

ஐசோடோப் மின்கலத்தை அணைத்துவைக்க வழியில்லை. அதில் இருக்கும் புளூட்டோனியம்-238இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 87.7 ஆண்டு. 1964இல் சுற்றுப்பாதை சேராத ஸ்நாப்-9ஏ என்ற அமெரிக்க ஐசோடோப் மின்கலம், வடிவமைத்தபடியே மேல் வளிமண்டலத்தில் எரிந்து பரவியது. (வடிவமைப்பே தவறு!) அதற்குப் பிறகு, சிதையாமல் விழ வேண்டும் என்பதே விதி. செவ்வாய்க்குப் போன பெர்சிவரன்ஸ் ஊர்தியில் 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடை 32 வில்லைகளாக்கி, ஒவ்வொன்றையும் இரிடியத்தில் பொதிந்து, கிராஃபைட்டில் அடைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் கிடைக்கும் மின்சாரம் ஏறத்தாழ 110 வாட். வில்லை பீங்கான் மாதிரி. உடைந்தாலும் பெரும்பாலும் துண்டாகும், மூச்சில் போகிற தூளாவது குறைவு. 1968இல் ஏவியதுமே அழிக்கப்பட்ட நிம்பஸ் செயற்கைக்கோளின் எரிபொருளைக் கடலடியிலிருந்து எடுத்து, மறு ஆண்டே மீண்டும் பயன்படுத்தினார்கள்.

அணு உலையால் பறக்கும் விமானத்துக்கு இந்த வசதி எதுவும் இல்லை. ஓடிய உலையோடுதான் ஒவ்வொரு முறையும் ஊருக்குள் தரையிறங்க வேண்டும். விண்வெளியில் கலத்தின் பக்கம் மட்டும் கவசம் வைத்தால் போதும். காற்று இருக்கும் இடத்தில் மற்றப் பக்கங்களில் போன கதிர்வீச்சும் சிதறித் திரும்பி வரும். விமானி அறையைச் சுற்றியே கவசம் வேண்டும். அமெரிக்காவின் என்பி-36எச் என்ற சோதனை விமானம் உலையோடு 1955 முதல் 1957 வரை 47 முறை பறந்தது. அந்த உலை விமானத்தை ஓட்டவே இல்லை, சும்மா சுமந்து போனார்கள். அதற்கே விமானிகள் அறையின் ஈய, ரப்பர் கவசம் சுமார் 11 டன். பதினைந்து ஆண்டு உழைப்பையும் ஏறக்குறைய 100 கோடி டாலரையும் விழுங்கிய அமெரிக்க அணு விமானத் திட்டத்தை 1961 மார்ச்சில் கென்னடி நிறுத்தினார்.