மாடியில் பாத்ரூம்: ஸ்லாப் போடும் முன் பார்க்க வேண்டிய காகிதமும் குழாயும்

எங்கள் திருநெல்வேலியில் மாடியில் பாத்ரூம் எடுக்கிறவர்கள் முதலில் போவது டைல்ஸ் கடைக்கு. கழிவு எந்த வழியாக இறங்கும், நாற்றம் எந்த வழியாக வெளியேறும் என்ற கேள்வி சென்ட்ரிங் பிரித்த பிறகுதான் வருகிறது. அதற்குள் கொத்தனார் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

மொட்டை மாடியில் சுவர் எழுப்பிக் கூரை போட்டால் அது கூடுதல் கட்டடம், அனுமதி வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்குப் பொருந்தும். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் அனுமதி கிடைத்துவிடும். அனுமதிக்கு முன் நேரில் பார்க்க யாரும் வரமாட்டார்கள். வசதிதான். ஆனால் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது நீங்கள், தவறு இருந்தால் மாட்டுவதும் நீங்கள்தான்.

இங்கே சிக்குகிறவர்கள் பெரும்பாலும் பூர்வீக வீட்டுக்காரர்கள். வீட்டு வரி ரசீது தன் பெயரில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வரி ரசீது சொத்துரிமைக்குச் சான்று ஆகாது. பட்டா தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பட்டா மாற்றம் வட்டாட்சியர் அலுவலக வேலை, வரிப் பெயர் மாற்றம் மாநகராட்சி வேலை. ஒன்று முடிந்தால் மற்றது தானாக மாறாது. மனை அங்கீகாரம் இல்லாத பிரிவில் இருந்தால் வரன்முறைப்படுத்தாமல் சுயசான்றுக்குப் போக வழியில்லை. கீழ்வீட்டின் பழைய வரைபட அனுமதியையும் தேடி எடுத்து வையுங்கள்.

எங்கள் தெரு ஆச்சி ஒருவரோடு நான் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மஞ்சப்பையில் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. முதல் மேசையில் பட்டா கேட்டார்கள். அடுத்த மேசையில் அந்தப் பட்டாவையே வாங்கிப் பார்க்கவில்லை. மூன்றாவது மேசையில் "நாளைக்கு வாங்க ஆச்சி" என்றார்கள். "எய்யா, நேத்தும் இதைத்தானய்யா சொன்ன" என்று ஆச்சி சொன்னபோது அந்த ஆள் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று நாங்கள் செய்த தவறு, கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்காதது. தேதியும் முத்திரையும் இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம். வாயால் சொல்லும் பதிலை நம்பாதீர்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

பாதாளச் சாக்கடை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தெருவில் குழி தோண்டிக் குழாய் பதித்துவிட்டார்கள் என்பதால் இணைப்பு ஓடுகிறது என்று அர்த்தமில்லை. உங்கள் தெருக் குழாய் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதா என்று மண்டல அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும் முன் செப்டிக் டேங்கை மூடாதீர்கள். பிளம்பர் தானாகத் தெருச் சாக்கடைத் தொட்டியை (சேம்பர்) உடைத்து இணைக்கவும் விடாதீர்கள், அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. மொட்டை மாடி மழைநீரை ஒருபோதும் அதில் விடக் கூடாது. விட்டால் மழையில் சேம்பர் பொங்கி, தாழ்வான வீட்டுக்குள் கழிவு ஏறும். பாளையங்கால்வாய் பக்கம்தானே என்று வாய்க்காலில் குழாயை நீட்டிவிடும் பழக்கத்தை இனியாவது விட வேண்டும். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது.

அனுமதிக் காகிதம் உங்கள் குழாயைக் காப்பாற்றாது. மாடியில் ஃபிளஷ் செய்யும்போது கீழ் பாத்ரூம் நஹானி டிராப்பில் (தரைத் தண்ணீர் இறங்கும் வாயில்) 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் காற்றுக்குழாய் இல்லை என்று பொருள். இறங்கும் தண்ணீர் பின்னாலேயே காற்றை இழுக்கும். மேலே திறப்பு இல்லையென்றால் கீழ் டிராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். நாற்றத்தைத் தடுத்து நிறுத்துவது அந்த இரண்டங்குலத் தண்ணீர்தான். ஆகவே நாலங்குலக் கழிவுக்குழாயை மாடியோடு மூடாமல் கூரைக்கு மேல் வரை நேராகக் கொண்டுபோய்க் காற்றுப் போகும் ஓட்டை உள்ள தொப்பி மாட்டுங்கள். ஜன்னலையொட்டி முடிக்காதீர்கள். படுக்கை வாட்டத்தில் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு வேண்டும். அடியில் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவும், அடைப்பு எடுக்கக் கதவு வைத்த பெண்டும் போடச் சொல்லுங்கள். டவுன் பக்கம் பொதுச்சுவர் வீடுகளில் குழாய் அடுத்தவர் இடத்தில் இறங்கினால் வழக்கு வரும். வரைபடத்திலேயே குழாய் வழியைக் கோடு போட்டு வாங்குங்கள். பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட ஸ்லாப்பில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் கசிவு பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள்.

செப்டிக் டேங்கே கதி என்றால், அது வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருக்கும்போது அதன் காற்றுக்குழாய் கூரைக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும். டேங்கிலிருந்து வரும் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கட்டும். டேங்க் நிறைந்தால் உரிமம் பெற்ற லாரியை மட்டும் கூப்பிடுங்கள், உரிமத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஓர் ஆளை உள்ளே இறக்கினால் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் இதில் தப்ப முடியாது.