உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் ஸ்பீக்கர்: கேட்டுப் பார்ப்பதும் தேர்ந்தெடுப்பதும்

கடையில் அருமையாகப் பாடிய ஸ்பீக்கர், ராமநாதபுரம் கடற்கரையின் கீழக்கரையிலோ மண்டபத்திலோ வீட்டு ஹாலில் இறக்கி வைத்ததும் இரைகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. கடைக்காரரின் கேட்பறையில் தரை முழுக்கக் கம்பளம், சுவரில் கனத்த திரை, ஏ.சி. போட்டுச் சாத்திய கதவு. நம் வீட்டில் டைல்ஸ் தரை, சிமென்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, கம்பி ஜன்னல். மாடல், பிராண்டு என்று விசாரிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒன்று அறை, இன்னொன்று உப்புக்காற்று. அறையின் குணம் வாங்கிய அன்றே தெரிந்துவிடும். உப்பின் வேலை தெரிய சில வருடங்கள் ஆகும், அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும்.

அறைக்கு ஒரு கணக்கு

12 அடி அகலம், 15 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். கன அளவு சுமார் 51 கன மீட்டர். 1890களின் பிற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது: கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி நின்றபின் முழக்கம் 60 டெசிபெல் அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று தெரியும். உறிஞ்சும் பரப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது.

பெயின்ட் அடித்த சுவரும் டைல்ஸும் மேலே விழும் ஒலியில் ஏறக்குறைய 3 சதவீதத்தைத்தான் விழுங்கும். நம் ஹாலின் ஆறு பக்கங்களும் சேர்ந்து 84 சதுர மீட்டர். அதில் 3 சதவீதம் வெறும் 2.5 சதுர மீட்டர். வகுத்தால் முழக்கம் 3 விநாடிக்கு மேல் வருகிறது. பாட்டு கேட்க 0.4 விநாடி போதும்; அதற்கு 20 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். 4 அடிக்கு 4 அடி ஜன்னலைத் திறந்தால் 1.5 சதுர மீட்டர் கிடைக்கும். வாசல் கதவையும் திறந்தால் இன்னும் 2. மிச்சத்துக்குப் பொருள் வேண்டும்: மெத்தை வைத்த சோபா, புத்தகம் நிறைந்த அலமாரி, தரையில் தடித்த ஜமுக்காளம். ஸ்பீக்கருக்குப் பக்கத்துச் சுவரில் முதல் எதிரொலி படும் இடத்தில் 4 அங்குல இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தினால் பலன் உடனே தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். ட்வீட்டர் (பெட்டியில் உச்ச ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர்) கண்ணாடியில் தெரியும் இடம்தான் அது. கோரைப்பாயும் பனையோலைத் தட்டியும் பார்வைக்கு அழகு. ஒலியைப் பொறுத்தவரை சுவரில் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் ஒன்றுதான்.

மெத்தை அடக்குவது நடு, உச்ச ஒலிகளை மட்டுமே. பேஸ், அதாவது அடி ஒலி, வேறு கதை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி அலை நின்று ஆடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு சுமார் 350 மீட்டர் ஓடும்; அதை அறை அளவின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் வரும். 15 அடிக்கு 38 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48, 10 அடிக்கு 57. மூன்றும் வெவ்வேறாக விழுவதால் இந்த ஹால் பரவாயில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக இருக்கும் அறையில் மூன்றும் 57இலேயே குவியும். எந்த விலை ஸ்பீக்கரை வைத்தாலும் தவிலின் இடந்தலை ஒரே சுருதியில் மொத்தும். அப்படிப்பட்ட அறை மட்டுமே இருக்கிறது என்றால் பெரிய டவர் ஸ்பீக்கருக்குச் செலவழிக்காதீர்கள்.

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கோனுக்கும் பின்சுவருக்கும் 60 செ.மீ. இடைவெளி இருந்தால், பின்னால் போய்த் திரும்பும் அலை 146 ஹெர்ட்ஸ் அளவில் நேர் ஒலியோடு மோதி அதை அழிக்கும். 1 மீட்டர் தள்ளினால் அந்தப் பள்ளம் 87க்கு இறங்கும். ஆண்குரல் அடியில்லாமல் மெலிந்து கேட்டால் ஈக்வலைசரைத் தொடாதீர்கள்; முதலில் ஸ்பீக்கரை ஒரு சாண் முன்னே இழுத்துப் பாருங்கள்.

கேட்டுப் பார்க்கும் முறை

ஒரு வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்பதுதான் ஸ்பீக்கரின் உணர்திறன். வீட்டு ஸ்பீக்கர்களில் 82 முதல் 92 வரை இருக்கும். (ஏர்வாடி சந்தனக்கூட்டிலும் கோயில் கொடையிலும் கட்டும் குழாய் ஸ்பீக்கர் நூற்றைத் தாண்டும், அதனால்தான் சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்தே ஊரை எழுப்ப முடிகிறது.) கடையில் 86 டெசிபெல் ஸ்பீக்கரையும் 89 டெசிபெல் ஸ்பீக்கரையும் வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்டால், இரண்டாவது 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். காது அதை "தெளிவு" என்றே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான தப்பான கொள்முதல்கள் இங்கேதான் நடக்கின்றன.

அதனால் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சீரான இரைச்சல்) கோப்பு ஒன்றை மொபைலில் வைத்திருங்கள். உட்காரும் இடத்தில் ஒலிமானி செயலியைத் திறந்து, இரு ஸ்பீக்கரும் ஒரே அளவு காட்டும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள்; அரை டெசிபெலுக்குள் வந்தால் போதும். மாற்றுவதற்கு நேரம் எடுக்கக் கூடாது. நுணுக்கமான ஒலி நினைவு சில விநாடிகளே தங்கும். வயரைக் கழற்றி மாட்டிவிட்டு டீ குடித்துவிட்டுக் கேட்பது ஒப்பீடே அல்ல. முதலில் இரண்டு மாடலிலும் ஒற்றை ஸ்பீக்கரை மட்டும் மோனோவில் கேளுங்கள். ஸ்டீரியோவின் பரப்பு குறைகளை மூடிவிடும், மோனோ காட்டிக்கொடுத்துவிடும். எது பாடுகிறது என்று தெரியாமல் கேட்பது இன்னும் நல்லது. ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களுக்கு அதே ஆட்கள் பார்த்துக் கேட்டபோது ஒரு மதிப்பெண்ணும் பார்க்காமல் கேட்டபோது வேறு மதிப்பெண்ணும் போட்டார்கள். உருவமும் விலையும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன.

இதே ஆய்வு மரபு சொல்லும் இன்னொன்று: நேரே சமமாக ஒலித்து, பக்கவாட்டிலும் சீராகக் குறையும் ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலோர் விரும்புகிறார்கள். டைல்ஸ் அறையில் இது இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் அங்கே காதுக்கு வருவதில் பெரும்பகுதி சுவரில் பட்டுத் திரும்பியது. பேச்சுக்குரல் பதிவு ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு நேரிலிருந்து 45 பாகை பக்கவாட்டுக்கு நடந்து போங்கள். குரலின் குணம் மாறாமல் மெல்ல மங்கினால் நல்லது. சட்டென்று மூக்கால் பேசுவதுபோல் ஆனால் அடி ஒலி தரும் வூஃபரும் ட்வீட்டரும் கைமாறும் இடத்தில் பொருத்தம் சரியில்லை. வீட்டில் இது இன்னும் மோசமாகும். நாதஸ்வரம் உச்சத்தில் காதைக் கிழிக்கிறதா, தம்பூராவின் ரீங்காரம் அறுபடாமல் நிற்கிறதா, மிருதங்கத்தின் வலந்தலை விரல் விரலாகப் பிரிகிறதா என்பதும் பார்க்க வேண்டியவை.

வீட்டில் மின்விசிறி ஓடும்போதுதான் கேட்பீர்கள் என்றால் அதை ஓடவிட்டே சோதியுங்கள். விசிறிச் சத்தத்தில் மூழ்கிப்போகும் நுணுக்கத்துக்காகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு வேண்டும்? 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, இசையின் உச்சங்கள் 95 டெசிபெலைத் தொட வேண்டும் என்றால், 86 டெசிபெல் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 25 வாட் போதும். 90 உள்ளதற்கு 10. 82க்கு 60க்கு மேல். ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் சில அதிர்வெண்களில் 3 ஓமுக்கு இறங்கும் மாடல்கள் உண்டு. அதைத் தாங்காத ஆம்ப் அலையின் தலையை வெட்டும், முதலில் கருகுவது ட்வீட்டர்.

உப்பு என்ன செய்கிறது

காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அரிமானம் பார்ப்பது மண்டபத்தில். அந்த அளவுக்குக் கடுமையான காற்று இது. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே உலோகத்தில் படிந்த கடலுப்பு வெயில் நேரத்திலும் முழுசாகக் காய்வதில்லை. நனைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், அரிப்பு நிற்காமல் நடக்கும்.

ஸ்பீக்கரில் மிக நெருக்கமான இடம், காந்தத்தின் இரும்புத் தகடுகளுக்கு நடுவே, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் ஏறி இறங்கும் இடுக்கு. காயிலின் இருபுறமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். துருவின் ஒரு செதில் வீங்கினாலே காயில் உரசும். மெல்லிய பேஸின்போது கேட்கும் "கரகர" அதுதான். சந்தேகம் வந்தால் 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சன்னமாக ஓடவிட்டு வூஃபரருகே காது வையுங்கள்.

ஆகவே உதிரிபாகம் வாரியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஃபெரைட் காந்தம் ஏற்கெனவே ஆக்சைடுதான், அதில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. நியோடிமியம் காந்தம், மேலுள்ள நிக்கல் பூச்சு கீறினால் பொடியாகும். கோனைச் சுற்றிய ஓரம் ஃபோமாக இருந்தால் ஈரத்தில் நாளடைவில் உதிரும். ரப்பர் ஓரமே கேளுங்கள். பெட்டி எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் எல்லா முகமும், முக்கியமாக அடிப்பக்கமும் டெர்மினல் துளையின் உள்விளிம்பும், பெயின்டோ லேமினேட்டோ மூடியிருக்க வேண்டும். திறந்த விளிம்பு ஈரம் குடித்து வீங்கும். ட்வீட்டரில் பட்டு டோம் இங்கே கவலையில்லாதது. சில மைக்ரான் அலுமினியத் தாளால் ஆன ரிப்பன் ட்வீட்டரை குளோரைடு துளைத்துவிடும். பல ஆயிரம் வோல்ட்டில் ஓடும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனல் ஸ்பீக்கர்களில் உப்பு ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிடும். ஒலி மங்கும், சடசடவென்று பொறி தட்டும். பாடும் திறனில் இவை அற்புதமானவை, ஆனாலும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

துளை வைத்த பெட்டி ஒவ்வொரு பேஸ் அடிக்கும் அறைக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகையிலும் காந்தத்தின் முதுகிலும் உப்பு சேரும். மூடிய பெட்டியில் இது மிகக் குறைவு. மூடிய பெட்டியின் பேஸ் கொஞ்சம் மேலேயே சரியத் தொடங்கும், ஆனால் சரிவு மெதுவானது. சுவரருகே வைக்கும் நம் ஹால்களில் அறையே அதை ஈடுகட்டிவிடும். இரண்டும் சமமாகப் பிடித்திருந்தால் மூடிய பெட்டியை எடுப்பதே இங்கே சரி.

எந்த ஜன்னலைத் திறப்பது என்பதும் காலத்தைப் பொறுத்தது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பொங்கும், வாடையில் வடகடல் (பாக் விரிகுடா). கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தெற்கு, மேற்கு ஜன்னல்களும், தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடக்கு, கிழக்கு ஜன்னல்களும் உப்பைக் கொண்டுவரும். ஸ்பீக்கரை அந்தக் காற்றுக்கு நேரே நிறுத்தாதீர்கள். ஓய்வில் இருக்கும்போது பருத்தித் துணியால் மூடுங்கள்; பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பெட்டியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே காயத் துடையுங்கள். உலர் துணி உப்பைத் தேய்த்துக் கீறல் போடும்.

வயரும் கரண்டும்

வயருக்குப் பெரிய தொகை வேண்டாம். 2.5 சதுர மி.மீ. தாமிர வயர் 5 மீட்டர் போய் வந்தால் தடை 0.07 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கும் அது பொருட்டில்லை. டின் பூசிய தாமிரம் கிடைத்தால் அதுவே வாங்குங்கள். தொல்லை வருவது முனைகளில். கறுத்த தாமிரத்தை வெட்டி எறிந்து, புதிதாக 1 செ.மீ. உரித்து, இறுக்கி, மேலே மெல்லியதாக வாசலின் தடவுங்கள். தங்க முலாம் பூசிய பிளக்கிலும் முலாமின் நுண்துளை வழியே அடியிலுள்ள பித்தளை அரிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் மல்டிமீட்டரோடு போங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் அளவில் காட்டினால் வூஃபர் காயில் உயிரோடு இருக்கிறது. ட்வீட்டருக்கு முன்னால் கப்பாசிட்டர் இருப்பதால் டெர்மினலில் மீட்டர் அதைக் காட்டாது. அதற்கு வூஃபரைத் துணியால் மூடி, ட்வீட்டரருகே காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். வூஃபரின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள்: ஸ்க்ரூ துருவேறி வந்தால், மற்ற ஸ்க்ரூக்களையும் கழற்றி வூஃபரை வெளியே எடுத்து, காந்தத்தின் தகட்டு விளிம்பையும் பாருங்கள். அங்கே செம்மண் நிறம் தெரிந்தால் வூஃபர் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், மாற்று வூஃபர் தனியாகக் கிடைக்காத மாடல் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.