தகரக் கூரையிலிருந்து மீனின் செவுள் வரை

"அமெரிக்காவில் ஆலைக் கூரையில் பெய்யும் மழைக்குக்கூட அனுமதி வாங்க வேண்டுமாமே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மழைக்கு இல்லை, ஆலை வளாகத்தைக் கழுவிக்கொண்டு ஆற்றுக்குப் போகும் தண்ணீருக்கு. அங்கே 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் குழாய்வழிக் கழிவுநீரைத்தான் முதலில் பிடித்தது. 1987-இல் சட்டத்தைத் திருத்தி, 1990-இல் விதிகள் போட்டு, மழைநீரையும் சேர்த்தார்கள். பெரும்பாலும் மாநில அரசுகளே அனுமதி தருகின்றன.

பல ஆலைகளுக்கும் பொதுவாக அமெரிக்க மத்திய அரசு தரும் பொது அனுமதியில், தண்ணீர் மாதிரி எடுக்க ஒரு விதி உண்டு. முந்தைய மழைநீர் வெளியேறி 72 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். புதிதாக வடியத் தொடங்கிய 30 நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டும். காய்ந்த நாட்களில் சேர்ந்த தூசியும் எண்ணெயும் டயர்த்தூளும் முதல் தண்ணீரோடுதான் கிளம்பும். மொட்டைமாடித் தண்ணீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள் முதல் மழையை வெளியே விடுவதும் இதனால்தான்.

காலாண்டுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரை நிறமற்ற பாட்டிலில் பிடித்து, நிறம், வாடை, நுரை, எண்ணெய்ப் படலம் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் அறிவியல் என்பதை நான் ஏற்பதில்லை. இந்தப் பாட்டில் சோதனையும் நல்ல அறிவியல்தான்.

ஆனால் கண்ணுக்குத் தப்புவது ஒன்று உண்டு: துத்தநாகம். துத்தநாகம் பூசிய தகரத்தின் மேல் காலப்போக்கில் துத்தநாக கார்பனேட் படலம் உருவாகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வருவதால் சுத்தமான மழைநீரே லேசான அமிலம்; அதன் பி.எச். அளவு சுமார் 5.6. அது படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பட்டறைக்குள் துத்தநாகத்தையே தொடாவிட்டாலும் வடிகாலில் துத்தநாகம் ஓடும், தெளிந்த தண்ணீராக!

மீன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. துத்தநாக அயனி அதே வாசல் வழியாக நுழைந்து கால்சியத்தின் வழியை அடைத்துவிடும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் போட்டியில் அதுவே வெல்லும், மீன் தப்பிக்கும். அதனால்தான் நன்னீரில் கலக்கும் துத்தநாகத்துக்கு அனுமதியில் ஒரே எண் இல்லை. சேருமிடத்துத் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவைப் பொறுத்து, துத்தநாக அளவு மாறும். மென்னீர் ஓடைக்குக் குறைவு, கடின நீருக்குக் கூடுதல். செவுளுக்குள் நடக்கும் போட்டியை அரசு ஆவணம் ஒன்று அட்டவணையாக வைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அந்த அளவைத் தாண்டுவதே சட்டமீறல் ஆகிவிடாது. ஆலை காரணத்தைத் தேடிச் சரிசெய்தாக வேண்டும். கூரைதான் காரணம் என்றால் பெயின்ட் அடித்து மழை தகரத்தைத் தொடாமல் தடுக்கலாம்.