பத்தாண்டின் சிறந்த பாட்டு எது? முதலில் எப்படி எண்ணுகிறீர்கள் என்று சொல்லுங்கள்

கென்ட்ரிக் லாமாரின் ‘ஆல்ரைட்’ 2015இல் வந்தது. விற்பனை, வானொலி, ஸ்ட்ரீமிங் கணக்கை வைத்து வாராவாரம் வரும் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது 81ஆம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. அதே பாட்டைத்தான் பிட்ச்ஃபோர்க் என்ற இசைத் தளத்தின் விமர்சகர்கள் 2010களின் மிகச் சிறந்த பாட்டு என்று முதலிடத்தில் வைத்தார்கள். பில்போர்டின் பத்தாண்டுப் பட்டியலில் உச்சியில் இருந்ததோ மார்க் ரான்சனும் புருனோ மார்ஸும் சேர்ந்து செய்த ‘அப்டவுன் ஃபங்க்’. ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி நேயர்களையே ஓட்டுப் போடச் சொன்னது, அவர்கள் டேம் இம்பாலாவின் ‘த லெஸ் ஐ நோ த பெட்டர்’ என்றார்கள். மூன்று பட்டியல், மூன்று பாட்டு. ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சண்டை ரசனையைப் பற்றியது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நீ ரேடியோவில் போடுவதை மட்டும் கேட்பவன், நீ யாரும் கேட்காததைத் தோண்டி எடுத்து அலட்டுபவன் என்று போகும். ரசனை ஆளுக்கு ஆள் மாறும், சரி. ஆனால் ஆயிரம் பேருடைய விருப்பத்தை ஒற்றை வரிசையாகச் சுருக்க எந்தக் கணக்கைப் போட்டார்கள் என்பதை யாரும் கேட்பதே இல்லை. அந்தக் கணக்கை மாற்றினால், ஒருவருடைய ரசனைகூட இம்மியளவும் மாறாமலேயே முதலிடம் மாறிவிடும்.

எப்படி என்று பார்ப்போம். ஒன்பது ரசிகர்கள், மூன்று பாட்டுகள்: ‘அப்டவுன் ஃபங்க்’, ரோபினின் ‘டான்ஸிங் ஆன் மை ஓன்’, அடேலின் ‘ரோலிங் இன் த டீப்’. எண்கள் நானே விளக்கத்துக்காகப் போட்டவை. நாலு பேர் ஃபங்க் முதலில், அடேல் அடுத்து, ரோபின் கடைசி என்று எழுதுகிறார்கள். மூன்று பேருக்கு ரோபின், அடேல், ஃபங்க். மீதி இரண்டு பேருக்கு அடேல், ரோபின், ஃபங்க். சீட்டுகளைச் சேகரித்தாயிற்று, இனி யாரும் கை வைக்க முடியாது.

முதலிடத்தை மட்டும் எண்ணினால் ஃபங்க்குக்கு 4, ரோபினுக்கு 3, அடேலுக்கு 2. ஃபங்க் வென்றது. சரி, பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லையே, கடைசியில் வந்தவரை நீக்கிவிட்டு மறுபடி எண்ணுவோம் என்றால் அடேல் வெளியே போகிறார், அவருக்குப் போட்ட இரண்டு பேரின் ஓட்டும் அவர்களுடைய அடுத்த விருப்பமான ரோபினுக்குப் போகிறது, 5க்கு 4 என்று ரோபின் ஜெயிக்கிறார். இன்னொரு வழி, முதலிடத்துக்கு 2 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை என்று கூட்டுவது. ஃபங்க்குக்கு 8, ரோபினுக்கும் 8, அடேலுக்கு 11. அடேல்! அதே ஒன்பது சீட்டுகள்தான். மூன்று விதமாக எண்ணினோம், மூன்று பேர் ஜெயித்தார்கள்.

இதில் எதுவும் தில்லுமுல்லு இல்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். முதல் முறை யாருக்கு வெறிபிடித்த ரசிகர்கள் அதிகம் என்று கேட்கிறது. மூன்றாவது முறை, யாரை யாரும் வெறுக்கவில்லை என்று கேட்கிறது. அடேலை முதலிடத்தில் வைத்தவர்கள் இரண்டே பேர், ஆனால் கடைசியில் வைத்தவர் ஒருவரும் இல்லை. ஃபங்க்கை ஒன்பதில் ஐந்து பேர் கடைசியில் தள்ளியிருக்கிறார்கள், அது முதல் முறைக்குக் கண்ணிலேயே படவில்லை. என்னைக் கேட்டால் முதலிடத்தை மட்டும் எண்ணுவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை, ஆனால் ஆன்லைனில் யார் ஓட்டெடுப்பு வைத்தாலும் பெரும்பாலும் அதைத்தான் வைக்கிறார்கள், எளிது என்பதால்.

இந்தத் தலைவலி புதிதும் இல்லை. புள்ளி போட்டுக் கூட்டும் முறைக்கு போர்டா முறை என்று பெயர், 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு கணிதவியலாளர் ஜான் சார்ல் தெ போர்டாவின் பெயரால். அவர் காலத்தவரான கொந்தோர்சே அதை ஏற்கவில்லை. இரண்டிரண்டு பேராக மோதவிடுங்கள், எல்லா மோதலிலும் ஜெயிப்பவர்தான் உண்மையான வெற்றியாளர் என்பது அவர் வாதம். நம் கணக்கில் அப்படியும் அடேல்தான் வருகிறார்: ஃபங்க்கை 5க்கு 4, ரோபினை 6க்கு 3. ஆனால் தன் முறையிலேயே ஒரு பள்ளம் இருப்பதை கொந்தோர்சே 1785இலேயே காட்டிவிட்டார். மூன்று பேர். ஒருவருக்கு ஃபங்க், ரோபின், அடேல் என்ற வரிசை, இன்னொருவருக்கு ரோபின், அடேல், ஃபங்க், மூன்றாமவருக்கு அடேல், ஃபங்க், ரோபின். ஃபங்க் ரோபினை 2க்கு 1 ஜெயிக்கும். ரோபின் அடேலை 2க்கு 1. சரி, அப்போது ஃபங்க் அடேலையும் ஜெயிக்க வேண்டுமே? இல்லை, அடேல்தான் ஃபங்க்கை 2க்கு 1 ஜெயிக்கிறார். சுற்றிச் சுற்றி வருகிறது. தனித்தனியாக எடுத்தால் மூன்று பேரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், கூட்டமாகச் சேர்ந்தால் குழப்பம். நண்பர்களுடன் விடிய விடிய வாதாடியும் முடிவுக்கு வர முடியாமல் போனதற்கு யாருடைய பிடிவாதமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, அங்கே முடிவென்று ஒன்றே இல்லாமல் இருந்திருக்கலாம்.

1951இல் கென்னத் ஆரோ என்ற பொருளியலாளர் இதற்கு மொத்தமாக ஒரு பூட்டுப் போட்டார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருந்து, மக்கள் எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம் என்றால், நாம் நியாயமாக எதிர்பார்க்கும் சில விதிகளை எல்லாம் ஒருசேரக் காப்பாற்றும் தரவரிசை முறை ஒன்றுகூட இருக்க முடியாது, ஒரே ஒருவர் சொல்வதுதான் எல்லோருடைய முடிவும் என்று வைத்துக்கொண்டால் தவிர. அந்த விதிகளில் ஒன்று: ரோபினா அடேலா என்ற கேள்விக்கு விடை, மூன்றாவதாக யார் போட்டியில் இருக்கிறார் என்பதால் மாறக்கூடாது. கேட்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! போர்டா முறை இதிலேயே தடுக்கி விழும். ரோபினைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஒரு ரசிகர் அவரை வேண்டுமென்றே பட்டியலின் அடியில் புதைத்துவிட்டு, தனக்குப் பெரிதாகப் பிடிக்காத ஏதோ ஒரு பாட்டை நடுவில் செருகினால் போதும், கூட்டுத்தொகை ஆடிவிடும். ஆரோவுக்கு 1972இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

இனி அந்த மூன்று பட்டியல்களுக்குத் திரும்புவோம். பில்போர்டு யாரையும் ஓட்டுக் கேட்பதில்லை. ஒவ்வொரு வாரமும் ஹாட் 100இல் ஒரு பாட்டு எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்து, முதலிடத்துக்கு அதிகப் புள்ளி, கீழே போகப் போகக் குறைவு என்று பத்தாண்டுக்கும் கூட்டிவிடுகிறது. போர்டாவின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், ஓட்டாளர்களுக்குப் பதில் வாரங்கள். இதில் ஜெயிக்கப் பல வாரம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே தங்காத ‘ஆல்ரைட்’டுக்கு வழியே கிடையாது. போதாததற்கு அளவுகோலும் நடுவழியில் மாறியது. 2013 பிப்ரவரியில் யூடியூப் பார்வைகளையும் கணக்கில் சேர்த்தார்கள், சேர்த்த உடனே ‘ஹார்லெம் ஷேக்’ நேராக முதலிடத்தில் வந்து விழுந்தது. 2011இல் ஒரு பாட்டு வாங்கிய இடமும் 2018இல் இன்னொன்று வாங்கிய இடமும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. அந்தப் பத்தாண்டின் கடைசி வாரங்களில் ஹாட் 100இன் உச்சியில் இருந்தது எது தெரியுமா? மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு, 1994இல் வந்தது.

டிரிபிள் ஜேயின் ‘ஹாட்டெஸ்ட் 100’ வேறு ரகம். ஒவ்வொருவரும் பத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம், பத்துக்கும் சம மதிப்பு, வரிசை கிடையாது. ஒரு பாட்டை நீங்கள் உயிராய் நேசிக்கிறீர்களா, பத்தாவது இடம் காலியாக இருக்கிறதே என்று போட்டீர்களா என்பது எண்ணுபவருக்குத் தெரியாது. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழ் விமர்சகர்களிடம் நடத்திய ‘பாஸ் அண்ட் ஜாப்’ ஓட்டெடுப்பில் சிங்கிள்களுக்கு, அதாவது தனிப் பாட்டுகளுக்கு, இதே போலப் பத்துச் சம ஓட்டு, ஆனால் ஆல்பங்களுக்கு மட்டும் 100 புள்ளிகளைக் கையில் கொடுத்துப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துத் தரச் சொல்வார்கள், ஒன்றுக்குக் குறைந்தது 5, அதிகபட்சம் 30. ஆல்பத்தில் வெறிக்கு மதிப்பு உண்டு, சிங்கிளில் கிடையாது. ஒரே வாக்கெடுப்பு, ஒரே ஆட்கள், இரண்டு தத்துவம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த வேடிக்கை டேம் இம்பாலா விஷயம்தான். 2015ஆம் ஆண்டுக்கான ஹாட்டெஸ்ட் 100இல் ‘த லெஸ் ஐ நோ த பெட்டர்’ நாலாவது இடம். முதலிடம் த ரூபன்ஸ் குழுவின் ‘ஹூப்ஸ்’. 2020 மார்ச்சில் பத்தாண்டுக்கான பட்டியல் வந்தபோது, தன் வருடத்திலேயே ஜெயிக்காத பாட்டு பத்து வருடத்துக்கும் ஜெயித்துவிட்டது. ஓட்டுப் போடும் முறை அதே பத்துச் சம ஓட்டுதான், ஆக இங்கே கணக்கைக் குறை சொல்ல முடியாது. மாறியது ஓட்டாளர்கள், அவர்களுடைய நினைவும்.

திரும்பத் திரும்பப் பார்த்ததையே மனம் விரும்பத் தொடங்கும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார், அதுவும் அர்த்தமில்லாத சொற்களையும் முன்பின் தெரியாத முகங்களையும் வைத்து. பாட்டுக்கும் இது பொருந்தும், ஓர் எல்லை வரை. அளவுக்கு மிஞ்சினால் சலிப்பு வந்துவிடும் என்பதால் முதல் வருடம் எல்லா இடத்திலும் ஒலித்துத் தீர்ந்துபோன பாட்டைவிட, ஐந்து வருடம் மெதுவாகக் காதில் விழுந்துகொண்டே இருந்த பாட்டுக்குப் பத்தாண்டு ஓட்டெடுப்பில் வாய்ப்பு அதிகம்.

வயதும் இருக்கிறது. 1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல வயதுக்காரர்களுக்குப் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டி, விருப்பம் உச்சத்தில் இருப்பது சுமார் 23 அல்லது 24 வயதில் கேட்ட பாட்டுகளுக்கு என்று கண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில அந்த வயதைப் பதின்பருவத்துக்கே இறக்கின, ஆனால் இளமையில் ஒரு மேடு இருப்பது உறுதியாகிவிட்டது. கேரல் க்ரும்ஹான்ஸல் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம்: சராசரியாக 20 வயதுள்ள மாணவர்களுக்கு, தங்கள் காலத்துப் பாட்டுகள் மட்டுமல்ல, அவர்கள் பிறப்பதற்கு முன்பே, பெற்றோர் இளமையில் இருந்தபோது வந்த பாட்டுகள் மீதும் ஒரு தனிப் பிரியம் இருந்தது. அதனால் 2015இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்து ஓட்டே போடாதவர், 2020இல் பதினைந்து வயதில் ஓட்டுச் சீட்டோடு வந்து நிற்கும்போது முடிவு மாறாவிட்டால்தான் ஆச்சரியம். ரோலிங் ஸ்டோன் இதழின் ‘500 சிறந்த பாட்டுகள்’ பட்டியலும் அப்படித்தான். 2004இல் முதலிடம் பாப் டிலனுக்கு, 2021இல் புதிய நடுவர்களைக் கூட்டி மறுபடி எண்ணியபோது அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு. ரோபின் அதில் 20ஆம் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

ரசிகர்கள் ஒருவரையொருவர் பார்த்து ஓட்டுப் போடுவதும் உண்டு. மேத்யூ சல்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட சோதனை இதில் பேர்போனது. 14,341 பேர், யாரும் கேள்விப்படாத குழுக்களின் 48 பாட்டுகள். ஒரு பகுதியினர் தாமாகக் கேட்டுத் தாமாகவே முடிவெடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்று காட்டினார்கள். எட்டு உலகங்களிலும் வெவ்வேறு ஹிட்கள் முளைத்தன. தனியாகக் கேட்டவர்கள் கணக்கில் 26ஆம் இடத்தில் இருந்த 52 மெட்ரோ என்ற குழுவின் பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40ஆம் இடம். மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போவது அரிது, படுமோசமானவை உச்சிக்கு வருவதும் அரிது, நடுவில் இருப்பவை எங்கு வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். நாம் சண்டை போடுவது பெரும்பாலும் அந்த நடுவைப் பற்றித்தான்.

அப்புறம் ரிஹானா பாவம். ‘வீ ஃபவுண்ட் லவ்’, ‘டைமண்ட்ஸ்’, ‘வொர்க்’, ‘ஒன்லி கேர்ள்’ என்று ஒரே பத்தாண்டில் இத்தனை இருந்தால் அவருடைய ரசிகர்களின் ஓட்டு நாலாகச் சிதறும். ஒரே ஒரு பாட்டால் உலகமெல்லாம் தெரிந்த கோட்டியேவுக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்குப் போடுபவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுக்குத்தான் போடுவார்கள்.

உங்கள் கூட்டத்தில் நடத்திப் பார்க்க விரும்பினால் கொந்தோர்சே சொன்னபடி இரண்டிரண்டாக மோதவிடுங்கள் என்பேன். இருபது பாட்டு என்றால் 190 மோதல், கொஞ்சம் பொறுமை வேண்டும். எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்பதையும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். த வீக்கெண்டின் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ வெளிவந்தது 2019 நவம்பர் 29. பிட்ச்ஃபோர்க்கின் பத்தாண்டுப் பட்டியல் அதற்கு முந்தைய மாதமே வெளியாகிவிட்டது. அந்தப் பாட்டு ஹாட் 100இல் முதலிடம் பிடித்தது 2020இல், 2021இல் பில்போர்டு தன் மொத்த வரலாற்றையும் கூட்டிப் பார்த்து, சப்பி செக்கரின் ‘த ட்விஸ்ட்’டைக் கீழே இறக்கிவிட்டு இதை எல்லாக் காலத்துக்கும் முதல் பாட்டாக வைத்தது. வெளியான தேதியைப் பார்த்தால் 2010களின் பாட்டு, ஓடிய தேதியைப் பார்த்தால் 2020களின் பாட்டு.