கோர்ட்டில் காலாவதி என்றால் என்ன?

காலாவதி என்றதும் மாத்திரை அட்டையின் ஓரத்தில் அச்சடித்த தேதிதான் நினைவுக்கு வரும். தேதி போனால் குப்பைத்தொட்டி. ஆனால் சொல்லைப் பிரித்தால் காலம், அவதி. சமஸ்கிருதத்தில் அவதி என்றால் எல்லை. ஆக, காலாவதி என்றாலே கால எல்லைதான். ‘காலாவதி ஆகிவிட்டது’ என்று சொல்லிச் சொல்லி, எல்லையின் பெயர் எல்லை தாண்டியதற்கும் பெயராகிவிட்டது.

கெடுவுக்கும் கெடு தாண்டிய நிலைக்கும் ஒரே சொல் என்றால் கோர்ட்டில் குழப்பும். கடன் கொடுத்தவர் “மூணு வருஷம் ஆகப்போகுது, நூறு ரூபாயாவது வரவு வச்சுக் கையெழுத்துப் போடு” என்று புரோநோட்டைத் திருப்பி நீட்டுவாரே, அந்த வரவு நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும் (1963 காலவரம்புச் சட்டம், பிரிவு 19). வரவு விழாவிட்டால் கடன் செத்துவிடாது, வழக்குப் போட்டு வசூலிக்கும் வழிதான் அடைபடும். ‘அந்தப் பழைய கடனைத் தருகிறேன்’ என்று பின்னால் எழுதிக் கையெழுத்திட்டால்கூட ஒப்பந்தச் சட்டம் 25(3)-இன்படி செல்லும். சொத்தின் சுவாதீனம், அதாவது கைவசம், கேட்பதில் மட்டும் கதை வேறு, கெடு போனால் உரிமையே போய்விடும்.

இனி பிராதுத் திருத்தம். பிராது என்பது பாரசீக ஃபிர்யாத், உருது வழியாக வந்தது. தமிழில் வழக்குரை, பிரதிவாதி போடுவது எதிர்வழக்குரை. இரண்டையும் திருத்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6 விதி 17 இடம் தருகிறது. விசாரணை தொடங்கிய பிறகு என்றால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று காட்ட வேண்டும், இது 2002-இல் வந்த நிபந்தனை. திருத்த மனு போட்டதுமே எதிர்த்தரப்பு வக்கீல் “லிமிட்டேஷன்ல அடிபட்டுப் போச்சு” என்பார், கெடு தாண்டிவிட்டது என்று அர்த்தம். சரி, எது அடிபட்டது? முன்பே போட்ட வழக்கு அல்ல, புதிதாகச் சேர்க்கும் கோரிக்கை. அதற்குக் கெடு போயிருந்தால் பொதுவாகத் திருத்தம் கிடைக்காது, ஆனாலும் அனுமதிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இல்லாமல் போவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. 1988-இல் வெறும் தடையுத்தரவு கேட்டவர், மறு வருடமே நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டதாகச் சொல்லி, 1999-இல் உரிமை விளம்புகையும் (நிலம் தனக்குச் சொந்தம் என்று கோர்ட் அறிவிப்பது) சுவாதீனமும் சேர்க்க மனுப் போட்டார். கீழ்க் கோர்ட்டுகளில் மறுத்தார்கள். விசாரணையே தொடங்காத வழக்கு, சுவாதீனத்துக்கு 12 வருடக் கெடு. உச்ச நீதிமன்றம் 2002-இல் அனுமதித்தது, ஆனால் திருத்தம் 1988-லிருந்து இருந்ததாக அல்ல, மனுப் போட்ட நாளிலிருந்தே வந்ததாகக் கொள்ளச் சொன்னது. எனக்கு இந்த ஒரு வரிதான் தீர்ப்பிலேயே அழகானது. 2010-இல் இன்னொரு வழக்கு, அங்கும் ஏறக்குறைய 11 வருடம் கழித்துத்தான் திருத்தம், கேட்டது கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச்சொல்லி. அதற்குக் கெடு மூன்றே வருடம், கிடைக்கவில்லை.

அதனால் மனு எழுதும்போது கெடுவுக்குக் காலவரம்பு, கெடு கடந்து வழி அடைபட்ட நிலைக்குக் காலத்தடை என்று பிரித்து எழுதுவேன். காலாவதியை மருந்துக் கடைக்கே விட்டுவிடலாம். லிமிட்டேஷனுக்கு வேரான லத்தீன் லிமெஸ் வயல்களுக்கு நடுவே விடும் எல்லைப் பாதையைக் குறித்த சொல்; நம் வரம்பும் வயல் வரப்புதான்.