கிராண்ட்: மானியமா, நன்கொடையா, நல்கையா?

வேலூர்ப் பக்கம் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் பேச்சில் 'கிராண்ட் சாங்ஷன் ஆயிடுச்சு' என்பார்கள். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் மானியம், நன்கொடை, நிதியுதவி என்று ஒரே கடிதத்தில் மூன்று சொல் வந்து விழும். மூன்றுக்கும் பொருள் வேறு. கணக்குப் புத்தகத்தில் உட்காரும் இடமும் வேறு.

கிராண்ட் என்பது திருப்பித் தர வேண்டாத பணம். ஆனால் இன்ன வேலைக்கு, இன்ன காலத்துக்குள், இன்ன தலைப்பில் செலவழித்துக் கணக்கு ஒப்படைத்தாக வேண்டிய பணம். திருப்பித் தர வேண்டாததால் அது கடன் இல்லை. கணக்கு ஒப்படைக்க வேண்டியிருப்பதால் சாதாரண நன்கொடையும் இல்லை. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம், 'நம்புதல்' என்று பொருள்படும் 'கிரெதெரே' என்னும் லத்தீன் வினை. கிரெடிட் என்ற சொல்லும் அதே வயிற்றுப் பிள்ளைதான்.

மானியம் வடமொழி 'மான்ய' என்பதிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்பது பொருள். வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலத்துக்கு அது பெயராயிற்று. கோயில் ஊழியத்துக்கும் ஊர் ஊழியத்துக்கும் விட்ட நிலத்தை இன்றும் கிராமத்தில் மானியம் என்றுதான் சொல்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு என்ற பெயரால் கிராண்டுக்கும் அதுவே நின்றுவிட்டது. இன்றைய காதுக்கோ மானியம் என்றால் சொட்டுநீர் மானியம், உர மானியம்: நம் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது. அறக்கட்டளை தரும் பணத்தை மானியம் என்று எழுதினால், மீதிப் பங்கை யார் போடுவது என்று ஊர்க் கூட்டத்தில் கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

ஆகவே நல்கை. நல்குதல் என்றால் விரும்பிக் கொடுத்தல், அருளுதல். குறுந்தொகையிலேயே 'நல்கலும் நல்குவர்' என்று வருகிறது. ஆய்வு நல்கை என்ற வழக்கு கல்வித்துறையில் வேரூன்றிவிட்டது. தருபவர் நல்குநர், பெறுவது நல்கை பெறும் நிறுவனம், கடிதம் நல்கை ஆணை என்று கிளைச் சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. குறை ஒன்று உண்டு: நல்கு என்ற வினையில் நிபந்தனை இல்லை.

நிபந்தனை 'கட்டளை' என்ற சொல்லில் இருக்கிறது. கோயிலில் உச்சிக்காலக் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்றால், அந்த ஒரு காரியத்துக்கே ஒதுக்கிய சொத்து. அறக்கட்டளையில் இருப்பதும் அந்தக் கட்டளைதான். இப்போது டிரஸ்ட், ஃபவுண்டேஷன் இரண்டையும் அறக்கட்டளை என்றே எழுதுவதால், 'அறக்கட்டளைக்கு அறக்கட்டளை நிதி வழங்கியது' என்று செய்தி வருகிறது. தருவதை நல்கை அறக்கட்டளை என்றும், வேலை செய்வதைத் தொண்டு நிறுவனம் என்றும் பிரித்து எழுதினால் தெளியும்.

நிபந்தனை மீறலும் நம்மூருக்குப் புதிதல்ல. ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையில், முதலாம் ராஜராஜனின் 8-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சமணப் பள்ளிக்கு, அதாவது சமணர் கோயிலுக்கு, விட்ட பள்ளிச்சந்த ஊரின் வருவாயில் கற்பூர விலை என்று ஒரு வரி பிடித்ததால் தர்மம் கெட்டுப்போகிறது என்று தன் அரசி முறையிட, இலாடச் சிற்றரசன் வீரசோழன் அந்த வருவாயைப் பள்ளிக்கே விடுகிறான். ஒதுக்கிய பணம் வேறு பக்கம் போனதும், அதைத் தட்டிக் கேட்டதும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சங்கதி.

அண்மைக் காலத்துக்கு வந்தால், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடருக்கு நியூயார்க் வங்கியாளர் ஷெல் தந்த 10,000 டாலர். அதைக் கொண்டு 1902-இல் வேலூரில் எழுந்தது 40 படுக்கை கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. ஷெல்லின் மனைவி பெயர் அது. ஒரே காரியத்துக்கு, பெயர் சூட்டித் தந்த கொடை.

இனி நடைமுறை. குடியாத்தத்தில் பீடித் தொழிலாளர் பிள்ளைகள் 40 பேருக்கு மாலை வகுப்பு நடத்த 3 லட்சம் நல்கை என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் இருவருக்கு மாதம் 6,000 வீதம் 1,44,000. சுண்டல், பால் என்று பிள்ளைக்கு நாளுக்கு 10 ரூபாய், 220 நாளுக்கு 88,000. வாடகை 24,000. நோட்டுப் புத்தகம் 20,000. தணிக்கை, கணக்கு 14,000. போக்குவரத்து 10,000. பணம் 40, 40, 20 விழுக்காடு என்பதுபோலத் தவணையாக வரும். முதல் தவணை சொன்ன வேலைக்கே செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் இரண்டாவது வராது.

சிக்கல் தொடங்குவது சுண்டலில். தள்ளுவண்டிக்காரரிடம் பில் இருக்காது. தேதி, எத்தனை பிள்ளைகள், என்ன தொகை என்று எழுதி அவர் கையெழுத்து வாங்கிய வவுச்சர் வேண்டும். அன்றைய வருகைப் பதிவேட்டோடு எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். 31 பிள்ளைகள் வந்த நாளில் 40 பேருக்குச் சுண்டல் வாங்கியிருந்தால் தணிக்கையாளரின் பேனா அங்கேதான் நிற்கும். ஆசிரியர் ஊதியத்தை ரொக்கமாகத் தந்தால், 5,000-க்கு மேல் என்பதால் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்ட வேண்டும். வங்கி வழியே போட்டுவிடுவது உத்தமம். நல்கை ஆணையின் தேதிக்கு முந்தைய செலவு செல்லாது. 'ஜூன்லயே ஆரம்பிச்சிட்டோம்' என்பது எடுபடாது. வாடகையில் மிஞ்சியதைச் சுண்டலுக்குத் திருப்புமுன் நல்குநரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். செலவழித்த பிறகு கேட்பதுதான் வழக்கமாக இருக்கிறது, மறுக்கப்படுவதும் வழக்கமாக இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு முன் 12ஏ (நிறுவனத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) என்று வழங்கும் வருமான வரிப் பதிவுகள் நடப்பில் உள்ளனவா, காலாவதி தேதி எது என்று பார்க்கவும். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூகப் பொறுப்பு நிதி என்றால் இவற்றோடு சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும், 3 ஆண்டுச் செயல்பாடும் கேட்பார்கள். வெளிநாட்டு நிதி பெற்ற பெரிய நிறுவனம் அதிலிருந்து சிறிய அமைப்புக்குப் பிரித்துத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் கூடாது. 'அவங்க வாங்கி நமக்குத் தருவாங்க' என்ற பழைய ஏற்பாடு முடிந்துபோனது.

நல்கையோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று கார்ப்பஸ். தமிழில் முதல்நிதி. கல்வெட்டில் கோயில் விளக்குக்கு 90 ஆடு விடுவார்கள். அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மந்தை குறையாமல் காத்து, நெய்யை மட்டும் அளக்க வேண்டும். முதல்நிதியும் அப்படித்தான்: அசலை வைப்பில் போட்டு வட்டியைச் செலவழிப்பது. அதற்குத் தருபவர் 'இத்தொகை முதல்நிதிக்கு' என்று குறிப்பிட்டு எழுதித் தந்திருக்க வேண்டும்; பணமும் தனியே, சட்டம் அனுமதித்த முதலீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் நாமாக முதல்நிதிக் கணக்கில் ஏற்றினால், வருமான வரிக்காரர் அதை அவ்வாண்டு வருமானமாகவே எடுத்துக்கொள்வார்.